கொட்டகையின் புதுச் செங்கல்

அன்று மாலை அந்த மேசையைச் சுற்றி நின்றவர்கள்: சிக்னல்காரனாக வேலை பார்த்து, இப்போது விசாரணைக்கு நிற்கும் என் தம்பி, அவன் மகன், மகள், விபத்துக்குப் பிறகு இங்கே மாற்றலாகி வந்த ரயில்வேக்கார மருமகன், நான். எங்களுக்குப் பின் வந்தவர்கள் இருவர். எங்களுக்கு வேண்டப்பட்டவரும் எதையும் துருவிப் பார்த்துப் பழகியவருமான இன்சூரன்ஸ் அம்மாள், அவரை விட்டுப் பிரியாத போட்டோக்காரர். போலீசைக் கூப்பிட நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குடும்பத்துப் பேச்சு வாசலைத் தாண்டியதில்லை.

மேசைமேல் ஒரு குட்டி ரயில் நிலையம். பொம்மை ரயில் பைத்தியமான மகன், அட்டையையும் மரச்சீவலையும் வெட்டி ஒட்டித் தானே செய்தது. விபத்துக்குப் பிறகுதான் அவன் தம்பி வேலை பார்த்த நிலையத்துக்கு முதன்முதலாகப் போனான். டேப் பிடித்து அளந்து, செங்கல்லின் நிறம் வரை அப்படியே கொண்டுவந்தான்.

காரணம் இருந்தது. ரயில்வே கேட்டில் சிக்கிய லாரிமேல் ரயில் மோதி டிரைவர் இறந்தார். தம்பி சிக்னலைச் சிவப்பாக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. சிக்னல் அறைக்கும் கேட்டுக்கும் நடுவே நிற்கும் சரக்குக் கொட்டகை பார்வையை மறைத்தது என்று காட்டினால் அவன் தப்பலாம் என்றார் வக்கீல். மறுநாள் காலை அதிகாரிகள் இந்த மாதிரி வடிவத்தைப் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

மதியம் நானும் மகனும் மகளும் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது கொட்டகை குள்ளமாகியிருந்தது. கூரைமேல் காற்றோட்டத்துக்கு வைத்திருந்த காற்றுக் கூண்டும் காணவில்லை. சிக்னல் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கேட் பளிச்சென்று தெரிந்தது.

"அப்பாவத் தவிர வீட்டுல இருந்தது மச்சான் ஒருத்தர்தான்," என்றான் மகன். "மாமனாருக்கு எதிரா நின்னா பதவி உயர்வு நிச்சயம்ல?"

"நைட் டியூட்டி முடிச்சு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன்யா! உன் அட்டை வீட்ட இடிக்கிறதா எனக்கு வேலை?"

"இப்படியே பேசினா இந்த வாசப்படிய மிதிக்கவே மாட்டேண்ணா," என்று மகள் விம்மினாள்.

தம்பி தலை நிமிராமல் சொன்னான்: "எத்தனை தடவைடா சொல்றது? நான்தான் வெட்டினேன்."

"பாருங்க மேடம், மாப்பிள்ளையக் காப்பாத்தப் பழிய தன் தலையில போட்டுக்கறாரு," என்றான் மகன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"எல்லாரும் கைய நீட்டுங்க!" என்று போட்டோக்காரர் துள்ளினார். "பசை இருக்கிற கைதான் குற்றவாளி!"

"முதல்ல உங்க கைய மேசையிலருந்து எடுங்க," என்றார் அம்மாள். ஒரு குட்டி மரம் அவர் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அம்மாள் குப்பைக்கூடையைக் கிளறி, வெட்டிப்போட்ட சுவர்த் துண்டை எடுத்தார். அதிலிருந்த செங்கல் எல்லாமே பளபளவென்ற சிவப்பு. மேசையிலிருந்த கொட்டகைச் சுவரோ கரியேறிக் கறுத்திருந்தது.

"தம்பி, இது மட்டும் ஏன் புதுசா இருக்கு?" என்று மகனிடம் கேட்டார்.

"நெஜத்துலயும் மேல் வரிசை அப்படித்தான் மேடம். பாத்தத அப்படியே செஞ்சேன்."

"ஏன் அப்படி இருக்குன்னு யாரையாவது கேட்டீங்களா?"

அவன் அந்தத் துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"கெடுக்க நினைச்சவன் கொட்டகைய நசுக்கிட்டுப் போயிருப்பான்," என்றார் அம்மாள். "உயரத்த மட்டும் குறைக்கணும்னா அடியில வெட்டறது சுலபம். வெட்டினவரு கூரைய அலுங்காமக் கழட்டி, புதுச் செங்கல மட்டும் வெட்டி, கூரைய மறுபடி ஒட்டியிருக்காரு. காத்துக் கூண்டு ரயில்வே கேட்ட மறைக்கவே இல்ல. அத எதுக்கு எடுக்கணும்? அது இருந்த ஓட்டைய எதுக்கு அடைக்கணும்? விபத்து நடந்த அன்னைக்கு அந்தக் கொட்டகைக்குக் கூண்டு இல்ல, இந்த உயரமும் இல்ல. அது தெரிஞ்சவர் உங்கள்ல ஒருத்தர்தான். அவரு ஒத்துக்கிட்டும் நீங்க நம்பல."

மகனின் முகம் வெளுத்தது. "கூரைய அப்புறமா ஒசத்தினாங்களாப்பா?"

"ஆமாடா. நீ ஆரம்பிக்கறதுக்கு முன்னயே சொன்னேன், யாரும் காதுல வாங்கல. நீ கண்ணு எரிய எரிய செஞ்சது. முடிச்சப்புறம் தப்புன்னு உன் மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்வேன்?"

"நாளைக்கு என்னப்பா சொல்லப் போறீங்க? வேலை போயிடும், பென்ஷன் போயிடும்..."

"முதல் நாள் சொன்னதுதான். லாரியப் பாத்தேன். லீவர இழுத்தேன். சிக்னலுக்குப் போற கம்பி அறுந்து கிடந்துச்சு, சிவப்பு விழல. விசாரணைக்கு வர்றதுக்குள்ள புதுக் கம்பி மாட்டிட்டாங்க. செத்தவனுக்கும் புள்ளைங்க இருக்குடா. பாக்கலன்னு நான் சொல்ல மாட்டேன்."

மகன் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் அதிகாரிகள் குள்ளமான கொட்டகையைப் பார்த்தார்கள். தம்பி சொன்னதைக் கேட்டார்கள். கம்பி அறுந்ததற்குச் சாட்சி இல்லை. வேலை போயிற்று, பென்ஷனும் போயிற்று.

சிக்னல்காரன் தூங்கிவிட்டான் என்று தெருவில் இன்னும் பேசுகிறார்கள். என் தம்பி தூங்கவில்லை. லாரியைப் பார்த்தான், லீவரை இழுத்தான்.