மூடும் வரிசை

தலைக்கு மேல் எரியும் விளக்குதான் முதலில் அணைந்திருக்க வேண்டும். அது எரிந்துகொண்டே இருந்தது. கைப்பேசித் திரையில் வந்த முதல் வரி வேறு: உள்ளறைக் கதவு மூடப்பட்டது.

வீட்டுக் கதவுகளையும் விளக்குகளையும் கவனிக்கும் அந்த புரோகிராமை சி மொழியில் எழுதியவன் அவள் கணவன். எதைத் திறந்தாலும், எதைப் போட்டாலும், அதை மூடும் வேலை அப்போதே பதிவாகிவிடும். புரோகிராமை நிறுத்தும்போது அந்த வேலைகள் பின்னிருந்து முன்னாக நடக்கும். கடைசியாகத் திறந்தது முதலில் மூடும், எல்லாவற்றுக்கும் முன்னால் திறந்த வாசல் கதவு கடைசியில் பூட்டும். ஊருக்குக் கிளம்பும் நாட்களில் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொரு விளக்காக அணைய, இருவரும் கைகோத்து வெளியேறுவார்கள். மாரடைப்பு அவனைக் கொண்டுபோன பிறகு அவள் அதை நிறுத்தவே இல்லை. அவனில்லாத வீட்டில் அதாவது ஓடட்டும் என்று விட்டிருந்தாள். இன்றுதான், தங்கையோடு ஊருக்குக் கிளம்ப, கடைசியாகத் தலைக்கு மேல் விளக்கைப் போட்டுவிட்டு, கைப்பேசியில் அதை நிறுத்தினாள்.

உள்ளறை அவனுடையது. அவன் போனதிலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை. அப்படியென்றால், இந்த விளக்கை அவள் போட்ட பிறகு யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள்.

வெளியே காரில் காத்திருந்த தங்கை கூப்பிட்டாள்.

"என்னக்கா, இன்னுமா? இருட்டப் போகுது."

"வீட்டை மூடிட்டு இருக்கேன். இதோ வந்துர்றேன்."

உள்ளறைக் கதவு மூடப்பட்டது. மறுபடியும் அதே வரி. மூடிக்கொண்டிருக்கும்போதே புதிதாக எதையாவது திறந்தால் அதுவும் வரிசையின் முன்னால் வந்து சேரும் என்பது அவளுக்குத் தெரியும். நெடுநாள் பூட்டிக் கிடந்த துணிகளின் புழுங்கிய வாடை நடைவழியில் மெல்லப் பரவியது, கீல் முனகியது, வெறுங்கால் தரையில் உரசும் ஓசை அவசரமில்லாமல் இந்தப் பக்கம் வந்தது.

நடைவழி விளக்கு அணைந்தது. அவள் அதைப் போடவே இல்லை.

கூடத்து விளக்கு, அதுவும் அவள் போடாதது.

பிறகு தலைக்கு மேல்.

இத்தனை மாதம் அந்தக் காலடிக்காகத்தான் ஏங்கிக் கிடந்தாள். வந்தபோது ஓடினாள். அதை நினைக்க அழுகையாக வந்தது.

காரில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"வண்டிய எடு."

"என்னாச்சுக்கா? ஏன் இப்படி ஓடி வர்றே?"

வீட்டுப் பக்கம் பூட்டு விழும் சத்தம். வாசல் கதவு பூட்டப்பட்டது. அதுதான் கடைசி வேலை. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

திரை மீண்டும் ஒளிர்ந்தது.

காரின் பின்கதவு மூடப்பட்டது.

கார் அந்த புரோகிராமில் இல்லவே இல்லை.

தங்கை வண்டியை எடுக்கவில்லை. மேலே இருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் சீட் பெல்ட் மாட்டும் ஓசை கேட்டது.