செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வந்தவர்

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்ததாக மனைவி அனுசியா டைரியில் எழுதியிருந்தாள். உமாசங்கருக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் அவன் புளியறை ரோட்டில், கவிழ்ந்து கிடந்த லாரியைச் சுற்றிச் சுற்றி போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கிழமையைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியாதவளுக்கு டைரி ஒரு கேடு.

காய்ச்சல் என்று லீவு போட்டுப் படுத்திருந்தான். மேலகரத்து வீட்டின் தகரக் கூரையில் ஆடிச் சாரல் காலையிலிருந்து விடாமல் கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கே அறைக்குள் விளக்கு போட வேண்டிய இருட்டு. காயாத துணிகளின் புழுங்கிய வாடையும் தைல வாடையும் ஒன்றாகி மூக்கில் ஏறின. அனுசியா மருந்து வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தாள். பொழுது போகாமல்தான் அவளுடைய தலையணைக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் குழந்தை வயிற்றிலேயே தவறிப்போனபோது டாக்டரம்மா சொன்ன யோசனை அது. தினமும் எழுதினால் மனபாரம் குறையுமாம். அன்று ஆரம்பித்த கூத்து. உமாசங்கர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மனிதர்கள் எழுதித் தருவதில் பாதி பொய், மீதி ஒப்பாரி என்பது அவனுடைய பதினெட்டு வருடத்து முடிவு. போன பொங்கலுக்கு மச்சான் வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அவள் எழுதிய ஒரு பக்கத்தை நாடகக் குரலில் வாசித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாதிச் சாப்பாட்டில் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனாள்.

இப்போதும் அதே குரலில் வாய்விட்டு வாசித்தான்.

"வண்டிச் சத்தம் கேட்கவில்லை. சட்டை நனையவில்லை, கால் மட்டும் நனைந்திருந்தது. சோறு போட்டேன். குழம்பில் உப்பு இல்லை, ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். பின்னறைக்குப் போய்ப் படுத்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். மறுபடியும் அவரே வந்தார். காபி ஆறிவிட்டது என்று திட்டினார். பின்னறையில் போய்ப் பார்த்தேன். பாய் ஈரமாக இருந்தது. யாரும் இல்லை."

காபிக்குத் திட்டியது உண்மை.

பக்கத்தைத் திருப்பினான். குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"வியாழன். அவரிடம் சொன்னேன். ஒனக்குக் கிறுக்கு முத்திட்டுட்டி என்று சிரித்தார். வெள்ளி. வந்தவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாசித்துக் காட்டு என்றார். முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். குழந்தையைப் பற்றி எழுதிய இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார். அருவித் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்த கை. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை."

வியாழக்கிழமை அவன் அப்படிச் சொன்னதும் உண்மை. சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதி இருந்தது.

"காய்ச்சல்காரர் வீட்டில் இருக்கிறார். இன்று வர வேண்டாம் என்றேன். வருவேன் என்றார். எங்களில் யார் இருக்க வேண்டும் என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன்."

அதற்குக் கீழே தாள் இல்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்ததுபோல நேராகக் கிழித்திருந்தது.

"கழுதை" என்று திட்டிக்கொண்டே போனை எடுத்தான். முதல் தடவை வேறு யாருடைய பெயரையோ அழுத்தினான். காய்ச்சல்தான்.

"ஏட்டி, எங்கன நிக்க?"

"வந்துட்டோம். நம்ம தெருவுல திரும்புதோம்."

"திரும்புதோமா? யாரு கூட வாரே?"

காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவள் மெல்லச் சொன்னாள். "சத்தமா பேசாதிய. அவிய வண்டி ஓட்டுதாவ."

ஜன்னலுக்கு ஓடினான். அவனுடைய வண்டி முற்றத்தில் சாரலில் நனைந்தபடி நின்றது. தெரு காலியாக இருந்தது. எந்த வண்டிச் சத்தமும் இல்லை.

கேட் திறந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம். ஒரு ஜோடி. இன்னொரு ஜோடி. ஹாலில் நாற்காலி நகர்ந்தது. பாசி பிடித்த பாறையின் வாடை கதவுக்கு அடியில் உள்ளே வந்தது.

பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது அவனுக்கு. எவனோ ஒருத்தன். இவளும் சேர்ந்து ஆடுகிற நாடகம். நோட்டைக் கையில் பிடித்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்குப் போனான்.

அவனுடைய நாற்காலியில் அவனுடைய முகம் இருந்தது.

அதே நரை. மோவாயில் அதே தழும்பு. கண்ணில் மட்டும் ஒரு பொறுமை.

"யாருட்டி இவன்?"

மேஜையருகே உட்கார்ந்திருந்த அனுசியா நிமிரவில்லை. எழுந்து வந்து, மேஜையிலிருந்து எடுப்பதுபோல அவன் கையிலிருந்த நோட்டை எடுத்தாள். அவளுடைய விரல் அவன் விரல் மேல் பட்டது. தொட்ட உணர்வே அவனுக்கு இல்லை. அவள் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள்.

எதிராளியின் கையெழுத்தைத் தலைகீழாகப் படிப்பது தொழிலில் பழகியது. படித்தான்.

"மதியம் மூன்று மணி. நானும் அவரும் வந்து சேர்ந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை."

"அனுசியா."

கத்தினான். மறுபடியும். தொண்டை கிழிய.

அவள் பேனாவை நிறுத்தித் தலையைச் சாய்த்தாள். "ஏதோ சத்தம் கேட்டாப்ல இல்ல?"

"இல்லையே" என்றது எதிரே இருந்த உமாசங்கரின் குரல். "நீ எழுது."

உமாசங்கர் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். அவள் குனிந்து, அழகான சிறிய எழுத்தில், சத்தம் எதுவும் இல்லை என்று எழுதினாள்.