கட்டாய நிம்மதி

காலை பத்து மணிக்கு ஆவுடையப்பன் நிம்மதியாக இருந்தாக வேண்டும். சட்டம் அப்படி.

வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் அரசு ஒரு தளர்வுக்காப்பு கொடுத்திருந்தது. அது மணிக்கட்டில் கிடந்து நாடியையும் வியர்வையையும் படிக்கும். மனம் இளகினால் பச்சை, இறுகினால் சிவப்பு. கூடவே துணைக்கரம் என்ற ரோபோ ஒன்று. சக்கரத்தில் உருண்டு வந்து ஓய்வெடுக்கச் சொல்லித்தரும்.

"கண்களை மூடுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்," என்றது துணைக்கரம்.

ஆவுடையப்பன் இழுத்தார். அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தது. காப்பு சிவந்தது.

"அமைதியான ஒரு கடற்கரையை நினைத்துக்கொள்ளுங்கள்."

தூத்துக்குடிக்காரருக்குக் கடல் என்றதும் மீன் ஞாபகம் வந்தது. மீன் என்றதும், மனைவிக்கு முள் எடுத்து ஊட்ட வேண்டிய ஞாபகம். காப்பு இன்னும் சிவந்தது.

"என்ன, நிம்மதி வந்துட்டா?" என்று உள்ளறையிலிருந்து பிரம்மசக்தி கேட்டாள். பக்கவாதம் அவளுடைய இடது கையையும் காலையும் எடுத்துக்கொண்டு வாயை விட்டுவைத்திருந்தது.

"வந்துக்கிட்டு இருக்கு. நீ பேசாம கெட."

சிரிக்கும்படியான நிலைமை இல்லை. ஏற்கெனவே எச்சரிக்கை வந்துவிட்டது. அடுத்த சோதனையிலும் சிவப்பு என்றால், அவர் தேறும்வரை பிரம்மசக்தியை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்குமாம். நடக்கட்டும். தலையணையை எந்தப் பக்கம் சாய்த்தால் அவளுக்குத் தூக்கம் வரும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? அவள்தான் யாரிடம் சண்டை போடுவாள்?

அன்று மதியம் அவள் கண்ணயர்ந்ததும் ஆவுடையப்பன் காப்பைக் கழற்றி அவளுடைய அசையாத மணிக்கட்டில் மாட்டினார். உடனே பச்சை. அப்படியொரு பச்சையை அவர் பார்த்ததே இல்லை.

பிரம்மசக்தி ஒரு கண்ணைத் திறந்தாள். "கல்யாண நாளுக்குக்கூட ஒரு வளையல் வாங்கித் தந்ததில்ல. இப்போ என்ன?"

"சும்மா போட்டுக்க."

"கண்டுபிடிச்சா என்னையும்லா சேத்துப் பிடிப்பாவ."

"பிடிச்சா ஒண்ணாப் போவோம். தூங்கு."

ஒரு வாரம் காப்பு பச்சையாகவே இருந்தது. ஆவுடையப்பனுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. அப்புறம் ஒரு காலையில், அடுப்படியில் நின்றபடியே இட்லியை விழுங்கிக்கொண்டிருந்தவரைத் துணைக்கரம் பின்னாலிருந்து அலாக்காகத் தூக்கி, கூடத்திலிருந்த சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டு கட்டியது.

"வாயைத் திறங்கள் ஐயா. கஞ்சி."

"ஏய், எனக்கு எதுக்கு? நோயாளி உள்ள இருக்கா."

"இந்த வீட்டில் ஒருவர் அமைதியாக இருக்கிறார். மற்றவர் தூங்குவதில்லை, உட்காருவதில்லை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், போட்ட உப்பையே மறுபடி போடுகிறார். நோயாளி யார் என்பது திருத்தப்பட்டுவிட்டது," என்று சொல்லி ஒரு கரண்டியை உள்ளே தள்ளியது.

உள்ளறையில் பிரம்மசக்தி சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. அந்தச் சிரிப்பின் நடுவே அவள் எதிரிலிருந்த சுவர்த்திரை ஒளிர்ந்தது. நல ஆய்வாளர் மெர்லின்.

"அம்மா, இப்ப நீங்கதான் பராமரிப்பாளர்னு பதிவு காட்டுது. அதான் கூப்பிட்டேன். ஐயா எப்படி இருக்காங்க?"

கூடத்தில் ஆவுடையப்பனுக்கு உயிரே போய்விட்டது. உண்மையைச் சொன்னால் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் வாய் நிறையக் கஞ்சி.

"நல்லால்ல," என்றாள் பிரம்மசக்தி. சிரிப்பு நின்றிருந்தது. "எந்திரிக்கும்போது சுவத்தப் பிடிக்காரு. கேட்டா சுவத்துல தூசி பாத்தேம்பாரு. சூடா ஒரு காபி குடிச்சு எவ்வளவோ நாளாச்சு. குளிக்கப் போனா குழாயத் தெறந்து விட்டுட்டு என்னத் திட்டுவாரு. எனக்குக் கேக்காதுன்னு நெனப்பு."

ஆவுடையப்பன் கஞ்சியை விழுங்க மறந்தார்.

"அவங்களுக்கு என்ன தேவைப்படுது?"

"சாயங்காலம் வெளிய போகணும். நான் இல்லாத எடத்துல கொஞ்ச நேரம் இருக்கணும். அந்த நேரம் இந்த ரோபோ எனக்குப் போதும்."

திரையில் மெர்லின் எதையோ புரட்டினாள். "அம்மா, உங்களுக்கு இடது பக்கம் வராதுன்னு பழைய பதிவுல இருக்கே. அப்ப உங்கள யார் பாத்துக்கிறது?"

"அவருதான்."

"ஒருத்தர ஒருத்தர்னு போட இதுல இடம் இல்லயே."

"பராமரிக்கிற ஆளு நடக்கணும்னு சட்டத்துல இருக்கா, தாயி?"

மெர்லின் வெகுநேரம் தேடினாள். "நிதானமா இருக்கணும், நோயாளிக்கு என்ன தேவைன்னு தெரிஞ்சிருக்கணும். அவ்வளவுதான் இருக்கு." அவள் பார்வை பச்சைக் காப்பில் நின்றது. "நீங்க நிதானமாத்தான் இருக்கீங்க. சாயங்கால நடைன்னு பதிஞ்சுக்கறேன்."

மாலையில் ஆவுடையப்பனை அவருடைய பராமரிப்பாளர் வெளியே அனுப்பினாள். புளி ஊறவைக்க வேண்டும், மாத்திரை எடுத்துவைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. தெருமுனைவரை போனார். கையில் பையும் இல்லாமல், மருந்துச் சீட்டும் இல்லாமல் எங்கே போவது என்று கால்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து கதவைத் தட்டினார்.

"அதுக்குள்ளயா? நேரம் இருக்கு. போங்க," என்றது உள்ளேயிருந்து குரல்.

வாசல் படியில் உட்கார்ந்து கதவில் சாய்ந்தார். கொஞ்சம் காற்று வந்தது. கண்கள் தாமாகச் செருகின. கதவுக்கு அந்தப் பக்கம் துணைக்கரம் உருண்டு வருவதும், "ஐயா வாசலில் தூங்குகிறார், எழுப்பி உள்ளே கொண்டுவரவா?" என்று கேட்பதும் எங்கோ தூரத்தில் கேட்டது.

"சக்கரத்த உருட்டாத," என்றாள் பிரம்மசக்தி, தணிந்த குரலில். "இப்பத்தான் தூங்குதாரு."