வெள்ளை மிளகு நாறும்!

"ஐயோ... கை! கை தெரியுதுங்கோ!"

வள்ளி போட்ட அலறலில், ஏற்காடு மலையில் வெள்ளக்கடை ஊருக்கு மேலே இருந்த பாக்கியம் எஸ்டேட் மொத்தமும் மிளகுத் தொட்டிக்கு ஓடி வந்தது.

1998, மே மாதம். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பிய முதல் காலை. தண்ணீர் மாற்றுவதற்காகத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கியிருந்தாள் வள்ளி. தண்ணீர் இறங்க இறங்க, சாக்கு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை எட்டிப் பார்த்தது.

மணிக்கட்டில் வாட்ச்.

அது மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது!

தகவல் கிடைத்ததும் ஏற்காட்டிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் மரியஜோசப், இறங்கிய வேகத்திலேயே கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் அமுக்கிக்கொண்டார்.

"என்னய்யா இது நாத்தம்! பொணமா?"

"பொணம் பாதிதானுங்கய்யா," என்றார் கூட வந்த ஏட்டு மூக்கன். "மீதி பாதி மிளகுங்க."

"மிளகு இப்படியா நாறும்?"

"வெள்ளை மிளகுன்னா அப்புடித்தானுங்க. பழுத்த மிளகைச் சாக்குல கட்டி, மேல கல்லை ஏத்தி, தண்ணியில அமுக்கி வெச்சிருவாங்க. தோலு அழுகிக் கழண்டு வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் நாய்கூட வராதுங்க."

"இதையா மனுஷன் திங்கிறான்?"

"நம்மாளு திங்க மாட்டானுங்க. எல்லாம் வெளிநாட்டுக்காரனுக்கு. அவன் குடிக்கற வெள்ளை சூப்புல கறுப்புப் பொட்டு உழுகக் கூடாதாமா."

"சூப்புன்னு சொல்லாதீங்க ஏட்டு... வயித்தைப் புரட்டுது!"

கான்ஸ்டபிள்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டே மூட்டைகளைத் தூக்கித் தொட்டியோரம் போட்டார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பழுப்பாக ஒரு தண்ணீர் வழிந்தது. கடைசி மூட்டைக்கு அடியில் கிடந்தவரைப் பார்த்ததும் கூட்டம் பின்வாங்கியது.

எஸ்டேட் ரைட்டர் ஞானசுந்தரம்!

எடை போடுவது, சம்பளம் கொடுப்பது, கொச்சியிலிருந்து விலை சொல்லி வரும் போனை எடுப்பது... எல்லாம் அவர்தான். இப்போது பின்மண்டை பிளந்து, ஊதிப்போய்க் கிடந்தார்.

"எப்போலேர்ந்து ஆளைக் காணோம்?"

"சனிக்கெழமையில இருந்துங்க," என்றாள் வள்ளி, வாயைப் பொத்தியபடி. "நாங்க எல்லாரும் திருவிழாவுக்குப் போயிட்டமுங்க. சொந்த ஊருக்குப் போயிருப்பாருன்னு நெனச்சோம்."

மூன்று நாளாக ஒரு மனிதன் இங்கே அழுகியிருக்கிறான். இந்த வழியாகப் போன ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. மிளகுதானே நாறுகிறது என்று ஒதுங்கிப் போயிருக்கிறார்கள்! மரியஜோசப்புக்கு வாயெல்லாம் கசந்தது.

"ஞானம்... ஐயோ ஞானம்!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் எஸ்டேட் முதலாளி பாக்கியநாதன். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, கழுத்தில் சிலுவை.

"என் கூடப் பொறந்த தம்பி மாதிரிங்க சார்... பண்ணுனது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

"யாரு?"

"தங்கராஜ்னு ஒருத்தன். இங்கதான் கூலி வேலை. போன வாரம் இத்தனை பேரு முன்னால, 'ரைட்டரே, உன்னை இந்தத் தொட்டியில அமுக்கலீன்னா பாரு'ன்னு கத்தினானுங்க. கேட்டுப் பாருங்க."

கேட்டார். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

தங்கராஜை இழுத்து வந்தார்கள். பின்னாலேயே, இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள் அவன் மனைவி கலாவதி.

"சொன்னியாடா?"

"சொன்னனுங்க..." தங்கராஜ் கையெடுத்துக் கும்பிட்டான். "கோவத்துல சொன்னதுங்க. சாமி சத்தியமா நான் பண்ணலீங்க!"

"சனிக்கிழமை எங்கே இருந்தே?"

"திருவிழாவுலதானுங்க... குடிச்சுப்போட்டு ஒரு பாறை மேல உழுந்து கெடந்தேன்."

"யாரு பார்த்தா?"

பாறையைத்தான் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும்!

ஜீப்பிலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. மேலதிகாரி. ஆள் கிடைத்தாயிற்றா, கிடைத்தால் சாயங்காலத்துக்குள் சேலம் கோர்ட்டில் நிறுத்து என்று இரண்டே வாக்கியம்.

கலாவதி இன்ஸ்பெக்டரின் காலில் விழுந்தாள்.

"ஐயா... இவரு உள்ள போயிட்டா, இந்தப் பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு நான் எங்கீங்க போவேன்? வக்கீலு வெக்கறதுக்குக்கூட எங்ககிட்ட நாலு மிளகுக் கொடியத் தவுத்து ஒண்ணுமில்லீங்க!"

"எந்திரிம்மா. ரைட்டர் மேல உன் புருஷனுக்கு என்ன கோபம்?"

"அந்த மிளகுதானுங்க. ஊட்டைச் சுத்தி இருக்கற மரத்துல ஏத்தி உட்ட கொடிங்க. காய்க்கறதை இந்த எஸ்டேட்டுலதான் போடுவோம். இந்த வருசம் வெலை உழுந்துபோச்சு, வியட்நாமுக்காரன் கப்பல் கப்பலாக் கொட்டிட்டான், கிலோவுக்கு எம்பது ரூவாய்க்கு மேல தர முடியாதுன்னு ரைட்டரு சொல்லிப்போட்டாருங்க. வருசம் பூராக் காத்திருந்தது அதுக்குத்தானுங்களே... அதுல வந்த சண்டைங்க."

காரணமும் கிடைத்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டாள், பாவம்!

விலங்கை எடுக்கச் சொல்லி மூக்கனுக்குக் கண்ணைக் காட்டினார் மரியஜோசப்.

அப்போது படபடவென்று ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கியவர் சேலத்து மிளகு புரோக்கர் கோவிந்தராஜ். பிணத்தைப் பார்த்து "அடப் பாவமே" என்றார். அவ்வளவுதான் துக்கம். அடுத்த நொடியே கண்கள் மூட்டைகளுக்குத் தாவிவிட்டன.

"ஏனுங்க சார்... இந்த மூட்டைகளை என்ன பண்ணப் போறீங்க?"

"ஏன்?"

"நல்லாக் கழுவி நாலு நாளு வெயில்ல போட்டா ஒண்ணுமே தெரியாதுங்க. பாதி வெலைக்கு நானே எடுத்துக்கறேன்."

"யோவ்! பொணம் ஊறின மிளகுய்யா அது!"

"நம்ம ஊருல ஆருங்க திங்கப் போறா? கப்பல்ல போறதுதானுங்களே!"

மரியஜோசப் அவரை முறைத்தார். ஓங்கி ஒன்று விடலாமா என்று கை பரபரத்தது.

கோவிந்தராஜ் விடவில்லை. "உங்களுக்கு மார்க்கெட் தெரியாதுங்க சார். இந்தோனேசியாவுல மழை பொய்ச்சுக் கொடியெல்லாம் காஞ்சுபோச்சு, அதுல கலவரம் வேற. கேரளாவுல வாடல் நோயி. ஒலகத்துலயே மிளகு இல்லீங்க! கறுப்பே கிலோ எறநூறைத் தாண்டியாச்சு. வெள்ளைக்குக் கேட்ட வெலையக் குடுக்கறான். ஒரே ஒரு பொணத்துக்காக இத்தனையும் வீணாக்கறதுங்களா?"

"இரு... இரு. எவ்வளவுன்னே?"

"எறநூறுங்க."

"எம்பது இல்லே?"

"எம்பதா?" கோவிந்தராஜ் வாய்விட்டுச் சிரித்தார். "வியட்நாம் மிளகு வரட்டும், அப்பறம் பாக்கலாமுங்க. இப்ப நாளுக்கு நாள் ஏறுமுகம்!"

கலாவதியின் அழுகை சட்டென்று நின்றது. "எறநூறா..." என்றாள் மெதுவாக. கூட்டத்தில் இன்னும் நாலைந்து பேர் அதையே முணுமுணுத்தார்கள். அத்தனை பேரும் இங்கே மிளகு போட்டவர்கள்.

மரியஜோசப் முதலாளியின் பக்கம் திரும்பினார்.

பாக்கியநாதன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"செத்தவனைக் குறை சொல்லக் கூடாது சார். கொச்சி போனை எடுக்கறது ஞானந்தான். அவன் சொல்ற வெலைதான் எனக்கும். ஏழைங்க வயித்துல அடிச்சிருக்கான்... ஆண்டவர் மன்னிக்கட்டும். தங்கராஜுக்குக் கோவம் வந்ததுல நியாயம் இருக்குதுங்க. ஆனா கொலை கொலைதானுங்களே?"

முடிச்சு இன்னும் இறுகியது. தங்கராஜின் கையில் விலங்கு ஏறியது.

"அப்ப மூட்டை..." என்று மறுபடி இழுத்தார் கோவிந்தராஜ்.

"கோவிந்தராஜ்!" பாக்கியநாதன் உறுமினார். "வெக்கமா இல்லே? ஒரு மனுச உசிரு போயிருக்குது! சார், அத்தனை மூட்டையும் அப்படியே குழி தோண்டிப் புதைச்சிருங்க. ஒரு மணி மிளகுகூட எனக்கு வேண்டாம்!"

மரியஜோசப் நெகிழ்ந்துபோனார். காலையிலிருந்து அருவருப்பிலேயே ஊறிக் கிடந்தவருக்கு, இந்த மலையில் மனுஷன் என்று சொல்ல ஒருத்தராவது இருக்கிறாரே என்று ஆறுதலாக இருந்தது. குழி தோண்டச் சொல்லிக் கான்ஸ்டபிள்களை விரட்டினார்.

கோவிந்தராஜுக்குத் தாங்கவில்லை.

"ஐயோ, வயிறு எரியுதே!"

ஓடினார். மடியிலிருந்த கத்தியை எடுத்து ஒரு மூட்டையைக் கிழித்தார். முழங்கை வரை கையை விட்டார்! பிணத் தண்ணீர் வழிய வழிய ஒரு பிடி அள்ளினார். ஒரு கான்ஸ்டபிள் ஓரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தார்.

கோவிந்தராஜ் விரலால் நசுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். அப்புறம்... ஒரு மணியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்தார்!

"மாதாவே!" மரியஜோசப் கண்ணை மூடிக்கொண்டார்.

"தூ!" கோவிந்தராஜ் துப்பினார். "சார்... இது மிளகே இல்லீங்க!"

"என்ன?"

"பொக்குங்க! உள்ள ஒண்ணுமே இல்ல. தோலும் காம்பும்தான். பொடைச்சுக் குப்பையில கொட்டற சங்கதிங்க இது."

அடுத்த மூட்டையைக் கிழித்தார். பொக்கு. அதற்கடுத்தது. அதுவும் பொக்கு!

"இதையப் போயி எவனுங்க ஊறப் போடுவான்? பைத்தியக்காரனா?"

மரியஜோசப்பின் கர்ச்சீப் மூக்கிலிருந்து மெதுவாக இறங்கியது.

"தங்கராஜ்... நீ ஒருத்தனைக் கொன்னு தொட்டியில போடறேன்னு வெச்சுக்கோ. அதுக்கு முன்னால நல்ல மிளகை எல்லாம் எடுத்துப் பத்திரம் பண்ணிட்டு, மூட்டையில பொக்கைக் கட்டிப் போடுவியா?"

"மொதலாளி மிளகு கெட்டா எனக்கென்னுங்க?" என்றான் தங்கராஜ், புரியாமல்.

"அதான்! உனக்கென்ன? பொணம் பட்டா மிளகு வீணாகுமேன்னு எவனுக்கு வயிறு எரியும்?"

எல்லோர் கண்களும் ஒரே பக்கம் திரும்பின.

"என்னங்க சார், இப்படிப் பாக்கறீங்க?" பாக்கியநாதன் சிரிக்க முயன்றார். "எவனாச்சும் திருடிட்டுப் போயிருப்பான்..."

"ஒரு மணிகூட வேண்டாம்னீங்களே... மிளகு இருநூறு ரூபாய் விக்கிற காலத்துல! எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும். ஏட்டு, இவர் வீட்டைத் தேடுங்க!"

போன மூக்கன், முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"ஐயா... படுக்கற ரூமுலீங்க. கட்டலுக்கு அடியில இருந்து செவுரு வரைக்கும் பரப்பிக் கெடக்குது. பாதி ஊறுன மிளகு. காயறதுக்கு ஃபேன் வேற ஓடுதுங்க!"

"இந்த நாத்தத்து மேல படுத்தா மூணு நாளாத் தூங்கினீங்க?"

பாக்கியநாதன் தொட்டித் திட்டில் உட்கார்ந்துவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஞானம் கேக்கலீங்க... எம்பதுன்னு சொல்லச் சொன்னதே நாந்தான். சனிக்கெழமை வந்து, 'இனிமே என்னால பொய் சொல்ல முடியாது, திருவிழா முடிஞ்சு ஆளுங்க வந்ததும் எல்லாருக்கும் நெச வெலையச் சொல்லிருவேன்'னான். சொல்லியிருந்தா எம்பதுக்கு எவன் எனக்கு மிளகு போடுவான்? தங்கராஜ் தொட்டியில அமுக்குவேன்னு கத்துனது ஞாபகம் வந்துச்சு..."

"அதனால பழியை அவன் மேல போட்டு, பொணத்தைத் தொட்டியில போட்டு, மிளகை மட்டும் கட்டிலுக்கு அடியில காப்பாத்திக்கிட்டீங்க!"

"வெலை இன்னும் ஏறும் சார்!"

அந்த நிலையிலும் அதைத்தான் சொன்னார் மனுஷன். மரியஜோசப் அவர் காலடியிலேயே காறித் துப்பினார்.

தங்கராஜின் கையிலிருந்து கழன்ற விலங்கு முதலாளியின் கைக்குப் போனது. கலாவதி குழந்தையை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். தங்கராஜ் நேராக ரைட்டரின் பக்கத்தில் போய் மண்டியிட்டான். அவனுக்கு நாற்றம் தெரிந்ததாகவே தோன்றவில்லை.

"ரைட்டரய்யா... எங்களுக்காகத்தான் செத்தீங்களா? தெரியாமப் பேசிப்போட்டனுங்க..."

தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் முகத்தை மூடினான். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

யாரோ அவர் சட்டைக் கையைச் சுரண்டினார்கள்.

கோவிந்தராஜ்!

"சார்... கட்டலுக்கு அடியில கெடக்கறது நல்ல மிளகுதானுங்களே? அதுல பொணமும் படலியே? என்ன வெலை சொல்றீங்க?"

மரியஜோசப் பல்லைக் கடித்தார். மூக்கன்தான் முந்திக்கொண்டார்.

"ஐயா, தொட்டி இப்பக் காலியாத்தான் கெடக்குது... இவரை ஒரு வாரம் ஊறப் போட்டு எடுக்கட்டுங்களா?"