கடைசிப் பூச்சு

அக்கா செத்ததிலிருந்து மூடிக் கிடந்த பட்டறையைத் தங்கை திறந்தபோது பிற்பகல் இரண்டு மணி, நல்ல வெயில். அரக்கு வாடை மூக்கைத் துளைத்தது. பேயாவது பிசாசாவது என்று சொல்லிக்கொண்டுதான் வந்தாள். ஆனாலும் வாசல் கதவை அகலத் திறந்தே வைத்தாள்.

அக்கா கடைசியாகச் செய்த அரக்கு ஓவியப் பலகையை முடித்துத் தரும்படி அத்தான் கேட்டிருந்தார். படத்தை வரைந்து, கறுப்பு அரக்கைப் பல பூச்சு பூசி மறைத்து, பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து வெளியே கொண்டுவரும் வேலை. ஒவ்வொரு பூச்சும் இறுக ஈரம் வேண்டும். அதற்கென்றே ஜன்னலில்லாத ஈர அறை. தூசி புகாதிருக்க வெளியே தாழ்ப்பாள்.

அக்கா செத்தபோது, உள்ளே எட்டிப் பார்க்காமல் தாழ்ப்பாள் போட்டு, மூன்று நாள் வெளியூர் போனவள் இவள்தான். அத்தானும் ஊரில் இல்லை. அக்கா உள்ளே பலகை அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து தாழ்ப்பாளை நீக்கிப் பார்த்தவள், கதவு தாழிடாமலே கிடந்ததுபோல் விட்டுவிட்டு, அதன்பிறகே அலறினாள். ஆஸ்துமா என்றார் டாக்டர். தாழ்ப்பாள் போட்டதை இவள் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று அக்காவோடு உள்ளே இறுகிக்கொண்டிருந்த அந்தப் பலகையை வெளிச்சத்தில் சாய்த்தாள். கறுப்பில் விரல் தடங்கள். ஈரப் பூச்சில் ஆழமாகச் சில, பாதி இறுகிய பிறகு மேலோட்டமாகச் சில. அத்தானும் தொழில்காரர். பார்த்தாலே சொல்லிவிடுவார், அக்கா ஒரு நாள் முழுக்க உள்ளே உயிரோடு இருந்திருக்கிறாள் என்று.

தேய்த்தாள்.

தடம் போகவில்லை. அடுத்த பூச்சிலும் இருந்தது. அக்கா சாவதற்கு ஒரு மாதம் முன்பே இறுகிப்போன பூச்சு அது.

அதற்கும் கீழே, இன்னும் தெளிவாக.

ஈர அறைக்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"அக்கா... தெரியாமப் போட்டுட்டேன். சத்தியமா."

மூச்சு நின்றது.

வெறும் மரம் தெரிகிறவரை தேய்த்தாள். படமும் போயிற்று, தடமும் போயிற்று. அப்பாடா என்றிருந்தது. அப்படித் தோன்றியதற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

வாசலில் அத்தான் நின்றார்.

"என்னம்மா, மரம் வரைக்கும் போயிட்டியே?"

"கை தவறிடுச்சு அத்தான்."

அவர் பலகையை விட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "கன்னத்துல என்ன?"

கண்ணாடியில் பார்த்தாள். ஐந்து விரலும் பதிய, ஈரம் காயாத கறுப்பு அரக்கு. பட்டறையில் திறந்த டப்பா ஒன்றுகூட இல்லை.

எண்ணெய் தொட்டுத் துடைத்தாள். போகவில்லை. கையிலிருந்த உப்புத்தாளாலேயே தேய்த்தாள். தோல் உரிந்தது. ரத்தத்துக்கு அடியில் அந்தக் கை இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

அத்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"இது அவ கை," என்றார். "அவளை என்ன பண்ணின?"