வெள்ளையடித்த பலூன்

பலூனின் வால் யார் வாயையும் காட்டவில்லை.

குணசுந்தரி பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சீமையிலிருந்து வந்த படக்கதை. குதிரைக்காரன், இடிந்த கோட்டை, ஒரு கிழவன். அவர்கள் பேச்சை அடைத்து, பேசுகிறவர் வாயை வாலால் காட்டும் பலூனுக்குள் இருக்கும் இங்கிலீஷை வெள்ளை மையால் மூடி, காய்ந்ததும் அதன்மேல் தமிழ் வசனம் எழுதுவது அவள் வேலை. கணவர் தில்லைநாதன் சிதம்பரத்து அச்சாபீஸிலிருந்து சனிக்கிழமை கொண்டுவருவார். மஞ்சக்குப்பம் வீட்டில் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதுவாள். கடைசிக் கட்டத்தில் மட்டும் ஒரு பலூன் கூடுதல். அதன் வால் கட்டத்தைத் தாண்டி, காகிதத்தின் ஓரம்வரை போய் நின்றது.

"என்னாங்க, இதுக்கு வசனமே தரலியே. யாரு பேசறதுன்னும் தெரியல."

"ஆளில்லாத பலூனு நமக்கு எதுக்கு? மொத்தமா வெள்ளை அடிச்சிடு. காலைல அச்சுப் பிளாக்கு எடுக்கப் போவணும்."

வால் காட்டிய பக்கம், மேசையோரமாகத் தனம் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயசு. காலையிலிருந்து வாய் ஓயவில்லை.

"ஏம்மா, சீமைக் குதிர சாணியும் நாறுமா? அந்தத் தாத்தா ஏம்மா மொறைக்கிறாரு? அவுருக்கு..."

தூரிகை பலூனை முழுசாக மூடியது.

"அவுருக்கு என்னாடி?"

குணசுந்தரி நிமிர்ந்தாள். தனம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் வரவில்லை.

"வாயாடி, எங்கிட்டயே ஆட்டம் காட்டுறியா?" தில்லைநாதன் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினார். குழந்தை நெளிந்து நெளிந்து சிரித்தது. மூச்சு மட்டும் கேட்டது.

டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "புண்ணு இல்ல, வீக்கம் இல்ல. எதையோ பாத்துப் பயந்திருக்கும்மா. சரியாப் போயிடும்."

வீடு திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டு, கரண்டும் போய், அரிக்கேன் விளக்கின் மண்ணெண்ணெய் வாடையும் வாசல் சாக்கின் ஈர வாடையும் கலந்து கிடந்த அந்தக் கூடத்தில், ஓட்டிலிருந்து பாத்திரத்துக்குள் விழும் ஒவ்வொரு சொட்டும் குழந்தையின் பேச்சு இருந்த இடத்தில் விழுவதுபோல் அவளுக்குக் கேட்டது. தில்லைநாதன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். தனம் அம்மாவின் மடியில் ஒட்டிக்கொண்டாள்.

குணசுந்தரி பிளேடை எடுத்து வெள்ளையைச் சுரண்டினாள். அடியில் இருந்த இங்கிலீஷைக் காணோம். எழுத்தே இல்லை. இன்னும் சுரண்டினாள். காகிதம் கிழியப் பார்த்தது.

பேனாவை மையில் தொட்டாள். என்ன எழுத? குழந்தை முதன்முதலில் பேசியது எதுவோ அதையே எழுதினாள்.

அம்மா.

"அம்மா."

தனத்தின் குரல். அதே குரல்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மடியிலிருந்த முகத்தைத் திருப்பினாள்.

உதடுகள் மூடியிருந்தன. கண்கள், பலூனின் வால் இப்போது காட்டிய வாசல் கதவைப் பார்த்தன.

"அம்மா. கதவத் தெறம்மா."

அதை அவள் எழுதவில்லை.

தில்லைநாதன் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். "பேசிட்டா! அடியே, கொழந்தய மழையிலயா வுட்டுட்டு வந்த?"

"தெறக்காதீங்க. தனம் எங்கிட்ட..."

அவர் வாசலில் இருந்தார். தாழ்ப்பாள். கதவு. மழை இரைச்சல்.

குனிந்தார். எதையோ வாரித் தூக்கினார்.

"எப்புடி நடுங்குது பாரு," என்று அதைத் தோளில் சாய்த்து, துண்டால் துவட்டிக்கொண்டே வந்தார். விளக்கு வெளிச்சத்துக்கு வந்தார்.

அது தலையைத் தூக்கியது.

கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் மட்டும்.

"அம்மா," என்றது.

மடியில் தனம், தொண்டை நரம்பு புடைக்க, சத்தமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தாள்.