உள்ளே வைத்த சரக்கு

தீவில் கால் வைத்து வேர்வை காய்வதற்குள் ஜவுளிக்காரர் இரண்டு பேரிடம் பேரம் பேசி ஜெயித்துவிட்டார். பெட்டி தூக்க வந்தவர் தலையைச் சொறிந்தார். விடுதிக்காரர் கடலைப் பார்த்த அறையைத் திறந்துவிட்டார்.

"விட்டா அலைக்கே விலை கேப்பீங்க," என்றாள் மனைவி.

"கேக்கிறவனுக்குத்தான் கிடைக்கும்."

பேரத்துக்கே அப்பாற்பட்ட பொருள் அவரிடம் ஒன்றுதான். கல்யாணமாகி வெகுகாலம் கோயில் குளமெல்லாம் சுற்றியபின் பிறந்த ஒரே மகள். தூங்கும்போதுகூட வாய் ஓயாது. அதனால் வீட்டில் அவள் பெயர் பட்டாசு. நீச்சல் தெரியாது. ஆனால் படகு இழுத்துப்போகும் ரப்பர் மிதவையில் ஏறியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மனைவி கரையில் குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

படகுக்காரனின் ஓலைக் குடிசை முன்னால் லைஃப் ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. வெயிலில் வெளுத்து, உப்பும் டீசலும் நாறின. எதைப் போட்டாலும் பட்டாசுக்குத் தொளதொள என்று இருந்தது.

குடிசைக்கு உள்ளே, ஆணியில், தனியாக ஒன்று தொங்கியது. சின்ன அளவு. பளிச்சென்ற ஆரஞ்சு. அதன் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அதை எடுங்க தம்பி."

"அது வேணாம் சார். காயவே மாட்டேங்குது."

ஜவுளிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் கடைக்காரன்தான். நல்ல சரக்கை உள்ள வச்சிட்டு, சாயம் போனதை முன்னால பரப்புற வித்தையை நான் உங்களுக்கே பாடம் எடுப்பேன்."

"சத்தியமா சார். அதை யாருக்கும் குடுக்கிறதில்லை."

அந்த ஒரு சொல் போதாதா? கொடுக்காத சரக்குதான் கடையிலேயே உசத்தி. இது அவர் தாய்ப்பாலோடு குடித்த பாடம். பக்கத்துக் குடிசைக்குப் போகிறேன் என்று திரும்பினார். நாலு எட்டு நடந்தார். எதிர்பார்த்தபடியே பின்னால் குரல் வந்தது.

படகுக்காரன் அதைக் கையால் தொடவில்லை. துடுப்பின் நுனியால் எடுத்துப் போட்டான். 'நடிப்பைப் பாரு' என்று நினைத்துக்கொண்டார்.

"எப்படிடா இருக்கு?" என்றார், மகளுக்கு மாட்டிவிட்டு.

"ஜில்லுன்னு இருக்குப்பா. அளவெடுத்துத் தச்ச மாதிரி பிடிக்குது."

வெளுத்த ஜாக்கெட் ஒன்றை மாட்டிக்கொண்டு அவரும் கூட ஏறினார். மிதவை அலைமேல் குதித்தது. பட்டாசு கத்திக்கொண்டே வந்தாள். கடைசியில் கவிழ்த்துத் தள்ளுவதுதான் அந்த விளையாட்டே; கவிழ்ந்தார்கள். ஜவுளிக்காரர் உப்பைத் துப்பிக்கொண்டு மேலே வந்தார். நாலு முழம் தள்ளி மகளும் வந்தாள், சிரித்தபடி.

பிறகு சிரிப்பு நின்றது.

அலையெல்லாம் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் மட்டும் கடலுக்குள் போனாள். மெதுவாக. முதுகு முன்னே, முகம் அப்பாவைப் பார்த்தபடி.

"அப்பா, விளையாடாதீங்க. பின்னாலேருந்து பிடிக்காதீங்க."

அவர் அவளுக்கு முன்னால் இருந்தார்.

கையைக் காலை அடித்து நீந்தினார். இடைவெளி குறையவில்லை. தண்ணீர் அவள் மோவாயைத் தொட்டது. உதட்டைத் தொட்டது.

"இறுக்குதுப்பா."

அவள் முழுகினாள்.

அவரும் முழுகப் பார்த்தார். அவர் போட்டிருந்த ஜாக்கெட் விடவில்லை. தக்கையைப்போல் மேலேயே தூக்கி நிறுத்தியது. விரல் மரத்துப்போய்க் கொக்கி கழலவில்லை. குனிந்தால் தெளிந்த நீருக்குள் மகள் தெரிந்தாள். கண் திறந்திருந்தது. எட்டவில்லை.

"என்னை எடுத்துக்கோ," என்றார் தண்ணீரைப் பார்த்து. "எது வேணும்னாலும் கேளு."

வாழ்நாளில் முதல்தடவையாகத் தன் விலையை அவர் முதலில் சொன்னார். எதிரே பதில் சொல்ல ஆளில்லை.

படகு வந்தது. படகுக்காரன் வாயில் கத்தியைக் கவ்விக்கொண்டு பாய்ந்தான். அடியில் வாரை அறுத்து, அவளை மேலே தள்ளினான். அவள் இருமினாள். மூச்சு வந்தது. அறுந்த ஜாக்கெட் அலையை எதிர்த்து ஆழ்கடல் பக்கம் போய் மறைந்தது.

"ஒரு பொண்ணு அதைப் போட்டுட்டுப் போச்சு சார்," என்றான் கரையில், தாழ்ந்த குரலில். "ஜாக்கெட் மட்டும் வந்துச்சு. கொக்கி மாட்டினபடியே. தூக்கி எறிஞ்சாலும் திரும்பி வந்துடும். ஆணியில மாட்டினா சும்மா இருக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

அறையில் சன்னல் வழியே வெயில் தரையில் விழுந்திருந்தது. மனைவி மகளுக்குத் தலை துவட்டிக்கொண்டே அவரை வறுத்தெடுத்தாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கடலைவிட்டு வந்ததிலிருந்து பட்டாசு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"அப்பாகிட்ட ஏதாவது பேசுடா."

கட்டிலில் உட்கார்ந்து அவளை வாரி அணைத்தார். கை அவள் இடுப்பைச் சுற்றி வயிற்றுக்கு வந்தது.

அங்கே ஏற்கெனவே இரண்டு கைகள் கோத்திருந்தன.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது. மெலிந்த மணிக்கட்டுகள், பனிக்கட்டிக் குளிர். பிரிக்க முயன்றார். அவை இன்னும் நெருங்கிக் கோத்துக்கொண்டன.

"என்னங்க இது, குழந்தைக்கு மூச்சு முட்டுது! இப்படியா இறுக்குவாங்க? கையை எடுங்க!"

ஜவுளிக்காரர் தன் இரண்டு கைகளையும் உயரத் தூக்கி மனைவிக்குக் காட்டினார்.

மகளின் சட்டை இடுப்பில் சுருங்கிக்கொண்டே இருந்தது.